மை பந்தோபஸ்து

எங்கள் டிபார்ட்மென்ட்டில் பந்தோபஸ்துக்குப் பஞ்சமில்லை. தேர்த் திருவிழா, மந்திரி வருகை, கடையடைப்பு என்று ஆண்டு முழுக்க ஏதாவது இருக்கும். அதில் யாரும் வெளியே சொல்லிக்கொள்ளாத ஒன்று மை பந்தோபஸ்து. பிளஸ் டூ பொதுத்தேர்வு முடிகிற அன்று பள்ளி வாசலில் போய் நிற்க வேண்டும். கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வருகிற பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் மை அடித்துக்கொள்வார்கள். இனி இந்த யூனிஃபார்மைப் போட வேண்டியதில்லை என்கிற குஷி. முகம், துப்பட்டா, முதுகு எல்லாம் நீலமாகிவிடும். அதைத் தடுக்கச் சொல்லித் தலைமையாசிரியர்கள் ஸ்டேஷனுக்குக் கடிதம் கொடுப்பார்கள், நாங்கள் லத்தியோடு போவோம். மைக்கு லத்தி. சிரிக்காதீர்கள், பத்து வருஷம் நின்றவள் சொல்கிறேன்.

நான் பெண் தலைமைக் காவலர். ஊரில் ஏட்டம்மா. கோபம் எனக்கு மூக்கு நுனியில் இருக்கும், அதனாலேயே பெண்கள் பள்ளி வாசல் என்றால் என்னைத்தான் அனுப்புவார்கள். எந்தப் பையில் மை இருக்கிறது என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவேன். இருமல் மருந்து பாட்டிலில் ஊற்றிக் கொண்டு வருவார்கள், காலி ஷாம்பு பாக்கெட்டில் அடைத்து ரப்பர் பேண்டு போட்டுக் கொண்டு வருவார்கள். ஒருத்தி டிபன் பாக்ஸில் தயிர்ச் சாதத்துக்கு அடியில் வைத்திருந்தாள். அதையும் பிடித்தேன். அன்றைக்கு ஸ்டேஷனில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

தப்பித்து அடித்தவர்களை ஸ்டேஷனுக்குக் கூட்டி வந்து பெஞ்சில் உட்கார வைப்போம். வழக்கு கிடையாது. வெள்ளைத்தாளில் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவோம். வாசகம் எல்லோருக்கும் ஒன்றுதான், குடித்துவிட்டுச் சண்டை போட்டவனிடம் வாங்குகிற அதே வாசகம். 'நான் மேற்படி பள்ளியில் பயின்று வருகிறேன். இன்று பொது இடத்தில் ஒழுங்கீனமாக நடந்துகொண்டதை ஒப்புக்கொள்கிறேன். இனிவரும் காலங்களில் இதுபோன்ற தவறு செய்ய மாட்டேன் என உறுதி கூறுகிறேன். மீறினால் காவல்துறை எடுக்கும் நடவடிக்கைக்குக் கட்டுப்படுகிறேன்.' நான் சொல்லச் சொல்ல எழுதுவார்கள். அழுகிற பிள்ளையிடம், "அழுதா விட்ருவாங்களா? முத்து முத்தா எழுது பாக்கலாம்" என்பேன். கேஸ் போடாமல் அனுப்புகிறோமே, பெரிய மனசுதான் என்று நினைத்திருந்தேன்.

அந்த வருஷம் என் மகளும் பிளஸ் டூ. கருங்குழியில் எங்கள் வீடு. அவள் படித்தது பக்கத்து ஊர் அரசுப் பெண்கள் பள்ளியில். கடைசிப் பரீட்சை அன்று காலையில் நான் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தபோது, "போய்ட்டு வரேம்மா" என்று கிளம்பினாள். "ஒழுங்கா எழுது" என்றேன். அன்றைக்கு வேறொரு பள்ளியின் வாசலில் இருநூறு பைகளைத் திறந்து பார்த்தேன். என் வீட்டிலிருந்து கிளம்பிய பையை மட்டும் திறக்கத் தோன்றவில்லை.

மதியம் இரண்டு மணி இருக்கும். பிடித்த மை பாட்டில்களை வாளியில் போட்டு எடுத்துக்கொண்டு வரும்போது போன் வந்தது. மகளுடைய பள்ளி இருக்கிற ஊரின் ஸ்டேஷனிலிருந்து ஒரு கான்ஸ்டபிள்.

"ஏட்டம்மா, உங்க பொண்ணு எங்க ஸ்டேஷன்ல கீது. பயப்படாதீங்க, சும்மா மை மேட்டருதான். கொஞ்சம் வந்துட்டுப் போங்க."

மை மேட்டருதான் என்று அவர் சொன்னது எனக்கு ஆறுதலாக இல்லை. என் வீட்டுக்காரர் நாவலூருக்குக் கம்பெனி வேன் ஓட்டுகிறவர், அந்த நேரத்தில் போன் எடுக்க மாட்டார். இன்ஸ்பெக்டரிடம் சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன். ஜி.எஸ்.டி. ரோடு முழுக்க அவளைத் திட்டிக்கொண்டே போனேன். ஏட்டம்மா பெண்ணே ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கிறாள் என்று சாயங்காலத்துக்குள் மாவட்டம் முழுக்கப் பேசுவார்கள். அது ஒன்றுதான் அப்போது என் மண்டையில் ஓடியது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

ஸ்டேஷனில் நான்கு பெண்கள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நான்கு முகமும் நீலம். எதிரில் நாற்காலியில் அவர்களுடைய தலைமையாசிரியை. நடந்ததைக் கான்ஸ்டபிள் வாசலிலேயே சொல்லிவிட்டார். மை அடிக்கிற கும்மாளத்தில் ஒரு வீச்சு குறி தப்பித் தலைமையாசிரியையின் காரில் விழுந்துவிட்டது. வெள்ளைக் கார். வாங்கி இரண்டு நாள்தான் ஆகிறது, முன்னால் கட்டிய மல்லிகைச் சரம்கூட இன்னும் வாடி விழவில்லை. அந்த அம்மா மோசமானவர் இல்லை. அந்த வகுப்புக்காகச் சனி, ஞாயிறு பார்க்காமல் ஸ்பெஷல் கிளாஸ் வைத்தவர். அதனாலேயே அவருக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

எஸ்.ஐ. சின்ன வயசுக்காரர். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"வாங்க ஏட்டம்மா. உங்க பொண்ணுன்னு தெரியாது. தெரிஞ்சிருந்தா அங்கயே அனுப்பியிருப்போம். நீங்க கூட்டிட்டுப் போங்க. மத்த மூணு பேரும் எழுதிக் குடுத்துட்டுப் போகட்டும்."

"அந்த லெட்டர் எனக்கு வேணும் சார்" என்றார் தலைமையாசிரியை. "டி.சி. ஃபைல்ல வைக்கணும். நடத்தைன்னு ஒரு கட்டம் இருக்கு இல்ல, அதுல இந்த வருஷம் எல்லாருக்கும் 'நன்று'ன்னு நான் போட மாட்டேன்."

எனக்கு என் மகளைக் கூட்டிக்கொண்டு போனால் போதும் என்றிருந்தது. "எழுந்துரு, வா" என்றேன்.

அவள் எழுந்திருக்கவில்லை. "இவங்க?"

"எழுதிக் குடுத்துட்டு வருவாங்க."

"அப்ப நானும் இருக்கேன்."

"சரி, நீயும் எழுதிக் குடுத்துத் தொல. ரெண்டு நிமிஷ வேல. இதெல்லாம் ஒண்ணும் ஆவாது."

"நான் எழுத மாட்டேன்."

ஓங்கி ஒன்று விடலாம் என்று கை பரபரத்தது. எஸ்.ஐ.க்கும் தலைமையாசிரியைக்கும் முன்னால் என் மானத்தை வாங்குகிறாளே என்று இருந்தது. அதற்குள் அவள் பக்கத்தில் இருந்த பெண் பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். அவளை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. அவளுடைய அம்மா நாவலூரில் அடுக்குமாடி ஒன்றில் வேலை செய்கிறார், இருட்டுகிற நேரத்துக்குத்தான் திரும்புவார். போலீஸ் வேலைக்குப் போக வேண்டும் என்று இரண்டு வருஷமாக ஏரிக்கரையில் ஓடிக்கொண்டிருந்தாள். காலையில் ஐந்து மணிக்கே எங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பாள், என் மகள் செல்போனில் நேரம் பார்ப்பாள். ஓட்டத்தில் அவளை அடித்துக்கொள்ள இந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது.

அவள் முன்னால் இருந்த தாளில் 'ஒப்புக்கொள்கிறேன்' வரை எழுதியிருந்தாள்.

"ஆண்ட்டி, இத எழுதிக் குடுத்தா வெரிஃபிகேஷன்ல வருமா?" என்று கேட்டாள்.

வெரிஃபிகேஷனுக்கு எத்தனையோ முறை நானே போயிருக்கிறேன். வேலைக்குத் தேர்வானவர்கள் படித்த பள்ளிக்குப் போவோம், டி.சி.யைப் பார்ப்போம், ஃபைலில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்போம். ஸ்டேஷனில் எழுதிய தாள் ஒன்று உள்ளே இருந்தால் அதை எழுதாமல் ரிப்போர்ட் அனுப்ப முடியாது. அதை மேலே இருக்கிறவர் எப்படி எடுத்துக்கொள்வார் என்பது அவரவர் மனசு. சிலர் சிரித்துவிட்டுத் தள்ளுவார்கள். சிலர் அதைப் பிடித்துக்கொண்டு ஆறு மாசம் இழுப்பார்கள், அதற்குள் டிரெய்னிங் தொடங்கிவிடும். ஒண்ணும் ஆவாது என்று என் மகளிடம் சொன்னேனே, அது என் மகளுக்குத்தான் ஆகாது. இந்தப் பெண்ணுக்கு எல்லாமே போய்விடலாம்.

நான் பதில் சொல்வதற்குள் என் மகள் பேசினாள். சத்தம் போடவில்லை. வீட்டில் எப்படிப் பேசுவாளோ அப்படித்தான் பேசினாள்.

"நீதானம்மா எங்க ஸ்கூலுக்கு வந்து மைக்கப் புடிச்சிகினு சொன்ன? பதினெட்டு வயசு ஆவாத புள்ளைங்ககிட்ட போலீஸ் எதுலயும் கையெழுத்து வாங்கக் கூடாதுன்னு. யூனிஃபார்ம் போட்டுகினு விசாரிக்கக்கூட கூடாதுன்னு. யாராவது வாங்குனா எங்கிட்ட வந்து சொல்லுங்கன்னு சொன்ன. எல்லாரும் கை தட்டுனாங்க. இப்ப சொல்றேன். வாங்கறாங்கம்மா."

சொன்னது நிஜம்தான். அதற்கு ஏழெட்டு மாதம் முன்னால் விழிப்புணர்வுக் கூட்டம் என்று என்னை அந்தப் பள்ளிக்கு அனுப்பினார்கள். ஒரு தாளைக் கொடுத்து இதைப் படியுங்கள் என்றார்கள், படித்தேன். படித்ததும் டீ குடித்தேன், போட்டோ எடுத்துக்கொண்டோம், வந்துவிட்டேன். அந்தத் தாளில் இருந்தது சட்டம் என்பது எனக்குத் தெரியும். அது மை அடிக்கிற பெண்களுக்கும் சேர்த்துத்தான் என்று எனக்கு ஒருநாளும் உறைக்கவில்லை. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து என் மகள் ஒரு வரி விடாமல் கேட்டிருக்கிறாள். வீட்டில் ஒரு வேலை சொன்னால் மூன்று தடவை சொல்ல வேண்டும் அவளுக்கு.

எஸ்.ஐ. முகத்தில் ஈயாடவில்லை. தலைமையாசிரியை என்னைப் பார்த்தார். எனக்குக் கோபம் வந்த வேகத்தில் போய்விட்டது. உண்மையைச் சொல்கிறேன், அந்த இடத்தில் எனக்கு வந்தது பெருமை. முகமெல்லாம் நீலமாக, தலை கலைந்து, பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு என்னையே கேள்வி கேட்கிறாள். இவளைப் பெற்றவள் நான்தான் என்று அங்கிருந்த சுவருக்கெல்லாம் கேட்கிற மாதிரி சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொல்லவில்லை. அதற்குப் பதிலாக எஸ்.ஐ. மேஜைக்கு முன்னால் போய் அட்டென்ஷனில் நின்றேன்.

"ஐயா, எழுதி வாங்க வேணாங்கய்யா."

"என்ன ஏட்டம்மா, உங்க பொண்ணுகிட்ட வாங்கலியே."

"யாருகிட்டயும் வேணாங்கய்யா. பொண்ணு சொல்றது சரிதாங்கய்யா."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. வரத்தான் செய்யும். ஏட்டு வந்து எஸ்.ஐ.க்குச் சட்டம் சொன்னால் யாருக்குத்தான் வராது?

"இந்த ஏரியாவுல எழுதி வாங்குறதுல உங்களைத்தான் எக்ஸ்பர்ட்டுன்னு சொல்றாங்க. நீங்க எத்தனை வாங்கியிருப்பீங்க?"

"நிறைய வாங்கியிருக்கேங்கய்யா."

"அப்புறம்?"

"வாங்குனது தப்புங்கய்யா."

இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் அந்த வார்த்தையை யூனிஃபார்மோடு நான் சொன்னது அன்றைக்குத்தான். சொல்லிவிட்டால் உயிர் போய்விடும் என்று நினைத்திருந்தேன். ஒன்றும் போகவில்லை.

தலைமையாசிரியைதான் முதலில் பேசினார். "எல்லாரும் சட்டம் பேசினா டிசிப்ளின் எங்கிருந்தும்மா வரும்? என் கார் மேல ஊத்தியிருக்காங்க. நாளைக்கு என் மேலயே ஊத்துவாங்க." குரல் உடைந்துவிட்டது. காருக்காக இல்லை என்று எனக்குப் பட்டது. இரண்டு வருஷம் தூக்கிச் சுமந்த பிள்ளைகள் கடைசி நாளில் இப்படிச் செய்துவிட்டார்களே என்கிற வருத்தம்.

என் மகள் அப்போதுதான் பெஞ்சிலிருந்து எழுந்தாள்.

"மிஸ், காரு மேல பட்டது என்னோட மை. நான் இவ மேல ஊத்தப் போனேன், இவ குனிஞ்சிட்டா. உங்க காருன்னு பாக்கல. தப்புதான் மிஸ், சாரி. நானே கழுவிக் குடுக்கறேன். இன்னா தண்டனைன்னாலும் ஸ்கூல்ல குடுங்க, வரேன். ஆனா இங்க பேப்பர்ல கையெழுத்து மட்டும் வேணாம் மிஸ். இவ போலீஸாவணும்."

தலைமையாசிரியை அந்த ஓடுகிற பெண்ணைப் பார்த்தார். மண்டல அளவில் அவள் வாங்கிய கோப்பை அவர் அறையில்தான் இருக்கிறது. "முதல்ல மூஞ்சியக் கழுவுங்க" என்றார்.

ஸ்டேஷன் வாசலில் கார் நின்றிருந்தது. நான்கு பேரும் குழாயிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டு வந்து கழுவினார்கள். கான்ஸ்டபிள் ஜீப்புக்கு வைத்திருந்த ஷாம்புவைக் கொடுத்தார். பேனா மை, சோப்புப் போட்டுத் தேய்த்தால் போய்விடும் ரகம்தான். வைப்பர் ரப்பரில் மட்டும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு போகவே மாட்டேன் என்றது. தலைமையாசிரியை நிழலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் பொறுக்க முடியாமல், "அந்தப் பக்கம் கதவுக்குக் கீழ இன்னும் இருக்கு பாரு, பரீட்சையிலயும் இப்படித்தான் பாதி விட்டுட்டு வந்தியா?" என்று ஆரம்பித்துவிட்டார். அதைக் கேட்டதும் எனக்கு மூச்சு வந்தது. அந்த அம்மா டீச்சராகத் திரும்பிவிட்டார். எஸ்.ஐ. பாதி எழுதிய தாள்களை எடுத்து, யார் கையிலும் கொடுக்காமல், தானே நான்காகக் கிழித்துக் குப்பைத் தொட்டியில் போட்டார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

பேசாமல் இருந்ததற்கு அர்த்தம் பதினைந்து நாளில் தெரிந்தது. டூட்டி நேரத்தில் வேறு ஸ்டேஷன் விவகாரத்தில் தலையிட்டதற்கு மெமோ. கூடவே மாமல்லபுரத்தில் கடற்கரை டூட்டி. அங்கே போட்டால் நொந்துபோவேன் என்று யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள். பஸ் பார்க்கிங்கில் வெயிலில் நின்று விசில் ஊத வேண்டும், அலையில் கால் வைக்காதே என்று வெளியூர்களிலிருந்து வந்தவர்களைப் பார்த்துக் கத்த வேண்டும். எனக்குக் கத்துவது கைவந்த கலை. மெமோவுக்கு விளக்கம் எழுதும்போது என் வீட்டுக்காரர், "மன்னிக்கவும்னு ஒரு வரி போட்டுட்டா முடிஞ்சிடும்" என்றார். நான் போடவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மே மாதம் டி.சி. வாங்க நானும் மகளோடு போனேன். நான்கு பேரின் டி.சி.யையும் வாங்கி வரிவரியாகப் பார்த்தேன், பழக்க தோஷம். நடத்தைக்கு நேராக நான்கிலும் 'நன்று' என்று இருந்தது. அந்தப் பெண் இப்போது கல்லூரிக்குப் போய்க்கொண்டே ஓடுகிறாள். உடல் தகுதித் தேர்வுக்கு அழைப்பு வரும் என்று காத்திருக்கிறாள்.

ஆனால் அன்றைக்கு ஸ்டேஷனிலிருந்து வண்டியில் திரும்பும்போது என் மகள் பின்னாலிருந்து ஒன்று கேட்டாள்.

"அம்மா, நீ இதுக்கு முன்னாடி எழுதி வாங்குனியே, அந்தப் பொண்ணுங்க யாருன்னு ஞாபகம் கீதா?"

"இல்லடி."

"ஒருத்திகூடவா?"

தயிர்ச் சாதத்துக்கு அடியில் மை வைத்திருந்த பெண்ணின் டிபன் பாக்ஸ் ஞாபகம் இருந்தது. அவள் முகம் இல்லை. "ஒருத்திகூட இல்ல" என்றேன்.

மாமல்லபுரத்துக்குக் கிளம்பும் முன்னால் எங்கள் ஸ்டேஷனில் பீரோ மேல் கட்டி வைத்திருந்த, நான் எழுதி வாங்கிய தாள்களை இறக்கினேன். இவையெல்லாம் எந்த ரிஜிஸ்டரிலும் ஏறாத தாள்கள். இன்ஸ்பெக்டரிடம் கேட்டேன். "குப்பைதானே, எடுத்துட்டுப் போங்க" என்றார். சணல் கயிற்றை அவிழ்த்தால் ஒவ்வொன்றிலும் ஒரே வாசகம், கையெழுத்து மட்டும் வேறு வேறு. கிழித்துப் போட்டிருக்கலாம். எனக்கு மனசு வரவில்லை. யாருடையதோ அவரவரிடம் கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. லீவு நாட்களில் விலாசம் தேடிப் போனேன். அச்சரப்பாக்கம் பக்கம் ஆறு பேரைப் பார்த்தேன். ஒருத்தி கல்யாணமாகிக் கைக்குழந்தையோடு இருந்தாள், தாளைப் பார்த்துச் சிரித்தாள். ஒருத்தியின் அப்பா என்னை உள்ளே விடவில்லை. அது அவர் உரிமை.

ஒருத்தியைத் தேடவே வேண்டியிருக்கவில்லை. மாமல்லபுரத்தில் நான் மதியம் சாப்பிடுகிற ஓட்டலில் பில் போடுகிற பெண், அவளாகவே என்னை அடையாளம் கண்டுகொண்டாள். பேரைச் சொன்னாள். மறுநாள் அவளுடைய தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கல்லாவில் உட்கார்ந்தபடியே பொறுமையாக இரண்டு தடவை படித்தாள். என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், அதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன். அவள் திட்டவில்லை. தாளை மடித்து என் பக்கமே தள்ளினாள்.

"இது எனக்கு வேணாம் மேடம். கையெழுத்துதான் என்னுது. இதுல கீறது எல்லாம் நீங்க சொன்னது."

"ஆமாம்மா" என்றேன். தாளை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.